சாம்பல் நிற முகம்

"வீட்டை விட்டு வெளிக்கிடும் எண்டு சொன்னனான்!"

"அன்ரி, நான் தொடவே இல்ல, சத்தியமா..."

"சத்தியத்தை உம்மட மாதாவுக்குப் பண்ணும், எனக்கு வேண்டாம். நாலு மாசமா ஆர் நச்சரிச்சது? மாத்துங்கோ அன்ரி, மாத்துங்கோ அன்ரி எண்டு..."

"கேட்டதுதான். கேக்கிறதும் செய்யிறதும் ஒண்டா?"

"பின்னை ஆர் செய்தது? பேயோ? பேய் வந்து சீடி போட்டதோ?"

"நான் சொல்றதக் கொஞ்சம்..."

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை!"

பேர்ணடெற் வாசலில் செருப்பைக் கழற்றியபோதும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. கைப்பையை மேசையில் சத்தம் வர வைத்தாள். அதற்குப் பிறகுதான் வீடு அடங்கியது.

2007 மே. திங்கட்கிழமை, காலை ஏழரை. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில் இரண்டாம் மாடி வீடு. வீட்டுக்காரி ஜெகதீஸ்வரி. அவருடைய தமையன் சிவானந்தன் மாஸ்ரர், யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பித்து ஓய்ந்தவர், கூடவே இருக்கிறார். பின்னறையில் வாடகைக்கு இருப்பவன் வலன்ரைன். கொள்ளுப்பிட்டியில் கம்பியூட்டர்க் கம்பனியொன்றில் வேலை. அவனுடைய மாமிதான் பேர்ணடெற். கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். எரிந்த கடை, நனைந்த சரக்கு, காணாமற்போன நகை என்று காப்புறுதிக் கம்பனியிடம் காசு கேட்பவர்களைப் போய்ப் பார்த்துக் கேள்வி கேட்பதே அவளுக்குச் சோறு போடுகிற வேலை. நேற்றிரவு வலன்ரைன் போனில் அழாத குறையாகச் சொன்னான்: "மாமி, என்னக் கள்ளன் மாதிரித் துரத்துறாங்க."

கொட்டாஞ்சேனைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவது பெரிய காரியமில்லை. ஆனால் துரத்திவிட்ட பெடியன் என்ற பெயரோடு அவன் இந்தப் படி இறங்கக்கூடாது.

"எங்கை, காட்டுங்கோ பாப்பம்," என்றாள்.

முன்னறை மூலையில் கம்பியூட்டர். மண்ணிறத் திரை. நடுவில் வெள்ளைக் கட்டம் ஒன்று, அதற்கு மேல் 'பயனர்பெயர்' என்று எழுதியிருந்தது. கீழ் மூலையில் மூன்று சொற்கள்: மொழி, அமர்வு, செயல்கள்.

"நேற்றுப் பின்னேரம் அம்மன் கோயிலுக்குப் போனனான். போகேக்கை என்ர பழைய பச்சைப் புல்லுப் படம் இருந்தது. வந்து பாத்தா இது நிக்குது. பேரைக் கேக்குது! என்ர வீட்டிலை என்ர பெட்டி என்னை ஆரெண்டு கேக்குது, பேர்ணடெற்!"

"புது சிஸ்டம் மாமி. லினக்ஸ். நான் இவங்களுக்குக் குடுத்த சீடிதான்." வலன்ரைன் குனிந்து திரையைப் பார்த்தான். "போட்டவருக்குத்தான் பேரும் பாஸ்வேர்டும் தெரியும். சீடியப் போட்டு உள்ள பாத்தன், பழசு ஒண்டுமில்ல. முழு டிஸ்க்கையும் துடைச்சாச்சு. இந்த அமர்வு எண்டா என்னெண்டுகூட எனக்குத் தெரியாது, இருக்கச் சொல்லுதோ என்னவோ."

"பகிடி வேறை!"

"அக்கா, கதவு உடைச்சிருந்ததோ?" என்றாள் பேர்ணடெற்.

"இல்லை. மூண்டு பேரிட்டைத்தான் கதவுத் திறப்பு. எனக்கு, அண்ணைக்கு, இவருக்கு. நான் வரேக்கை இவர் அறைக்குள்ளை நிக்கிறார்."

"வந்து பத்து நிமிசம்தான் இருக்கும் அன்ரி!"

"மாஸ்ரர் எங்கை இருந்தவர்?"

பல்கனியில் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனனான், பிள்ளை. எனக்கு உந்தப் பெட்டியின்ரை தலையும் தெரியாது காலும் தெரியாது."

"அண்ணையோ! அவர் மௌசைக் கண்டாலே எலியைக் கண்ட மாதிரி விலகிப் போறவர்," என்றார் ஜெகதீஸ்வரி. அந்தக் கோபத்திலும் அதில் ஒரு சின்னப் பாசம் ஒட்டியிருந்தது.

பேர்ணடெற் மருமகனைப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போனாள்.

"உண்மையைச் சொல்லு."

"உங்கட வீட்டில சாப்பிட்டு வெளிக்கிட்டனான்தானே. புறக்கோட்டையில பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பாத்தாங்க. வர இருட்டிட்டுது."

"கண்ட சாட்சி?"

"மறிச்ச ஆமிக்காரன். கூட்டிட்டு வரவா?"

"வாய்க்குக் குறைவில்லை. ஏன் அவவை மாத்தச் சொல்லிக் கரைச்சல் குடுத்தனி?"

"பாவத்தில மாமி. அது முழுக்க வைரஸ். ஒரு படம் திறக்கத் தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம். போன மாசம் சீடியில இருந்தே ஓட்டிக் காட்டினன், நல்லாயிருக்கு எண்டுதான் சொன்னாங்க. போடுவமா எண்டா மட்டும் முகம் மாறிடும். லேசு அன்ரி, கேக்கிறதுக்கு என்டரை அமத்திக்கொண்டு போனாச் சரி, நேசறிப் பிள்ளையும் போடும் எண்டு சொன்னன்."

"அப்ப ஆர் ஆர் நிண்டது?"

"அன்ரியும் நானும். மாஸ்ரர் பல்கனியில பேப்பர் பாத்தார்."

பேர்ணடெற் உள்ளே போய் ஜெகதீஸ்வரிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அக்கா, கேக்கிறன் எண்டு கோவிக்காதேங்கோ. அவ்வளவு மெதுவா நடக்கிற சிஸ்டத்தை ஏன் மாத்தாமல் வைச்சிருந்தனீங்கள்?"

"கை பழகிப்போச்சு." விடை கேள்விக்கு முந்தியே வாயில் இருந்ததுபோல் வந்தது. "கண்ணை மூடிக்கொண்டு எது எங்கை எண்டு போவன். நாங்கள் எத்தினை தரம் வீடு மாறிப் பெட்டி கட்டின சனம், பேர்ணடெற். இதுக்குள்ளையும் இன்னொரு வீட்டுக்குக் குடிபோகச் சொல்லுறீரோ?"

நல்ல நியாயம்தான். பேர்ணடெற்றின் கந்தோரிலும் புது சிஸ்டம் போட்டபோது ஒரு மாதம் எல்லோரும் முணுமுணுத்தார்கள், அவளும்தான். ஆனால் முணுமுணுத்தார்களே தவிர ஒருவர் கண்ணும் இப்படி வீங்கவில்லை. சாமான் பறிகொடுத்தவர்களின் முகத்தை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். முதலில் ஆத்திரம் இருக்கும், அதற்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடும். ஜெகதீஸ்வரியின் முகத்தில் கணக்கு ஓடவில்லை. அது செத்த வீட்டு முகம்.

"இவனைப் பின்னேரம் மட்டும் விடுங்கோ," என்றாள். "ஆறு மணிக்கு வாறன். அதுக்குள்ளை ஆளைச் சொல்லாட்டி நானே இவன்ரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போறன்."

மதியம் பன்னிரண்டரை. காலி வீதியில் ஹாஷிமின் கடை. ஜெகதீஸ்வரி தன் கம்பியூட்டருக்குக் கோளாறென்றால் அவனிடம்தான் வருவார். வெளிநாட்டுக் கோல், போட்டோகொப்பி, கம்பியூட்டர் திருத்தம் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

"வாங்க மிஸ், இரிங்க. அந்த அம்மாட மெஷினா? ஐயோ, அதப் பேசாதீங்க. போமட் பண்ணித் தாறேன், சல்லியும் வாணாம் எண்டு எத்தின தடவ சொன்னேன். கடையில வச்சிட்டுப் போகவே மாட்டாங்க. ஓஃப் பண்ணாம திருத்த ஏலுமா எண்டு கேக்கிறாங்க! ஓடிட்டிருக்கிற பஸ்ஸுக்கு டயர் மாத்துற மாதிரி."

"ஓஃப் பண்ணாமலோ?"

"ஓம் மிஸ். உள்ள இரிக்கிறது எதுவும் போகக்கூடாதாம். அப்பிடி என்னதான் இரிக்கி எண்டு பாத்தேன். ஒண்டுமில்ல. நாலு சாமிப் படம், ஒரு மெசெஞ்சர்."

"மகன் சுவிசிலை எண்டு சொல்லுறவ. இங்கை வந்து கோல் எடுக்கிறவவோ?"

ஹாஷிம் யோசித்தான். "இல்லையே. இந்த ஒழுங்கையில வெளிநாட்டுல புள்ள இரிக்கிற எல்லாரும் எனக்கிட்டதான் வருவாங்க. அவங்க ஒரு நாளும் எடுத்தில்ல. கோல் கார்ட்டும் வாங்கினில்ல."

"இன்னொண்டு. தமிழிலை சிஸ்டம் போட்டுத் தரச்சொல்லி ஆராவது கேட்டிருக்கினமோ?"

"தமிழ்லயா?" அவன் சிரித்தான். "ஒருத்தரும் கேக்கல்ல. போட்டாலும் நமக்கு வெளங்காது மிஸ். தமிழ் நோட்டீஸ் அடிக்கிற பிரஸ்காரன்கூட மெனு இங்கிலீஷ்லதான் வச்சிரிக்கான். ஃபைல் எண்டா கை தானாப் போகும். கோப்பு எண்டா எங்க போறது?" பிறகு ஏதோ நினைவு வந்து விரலைச் சொடுக்கினான். "ஆனா தமிழ் எண்டதும் ஞாபகம் வருது. நேத்துப் பின்னேரம் அந்த வீட்டு மாஸ்டர் வந்தாரு. இந்தக் கடைக்கு அவர் வந்ததே அதுதான் மொதத் தடவ. வேர்த்து ஊத்துது. தமிழ் எழுத்து ஒட்டின கீபோர்ட் இரிக்கா எண்டாரு. நாளைக்கு எடுத்துத் தாறேன் எண்டேன். ஒண்டும் பேசாமப் போயிட்டாரு."

பேர்ணடெற் காலி வீதியைப் பார்த்தாள். கடற்கரை இருப்பது மற்றப் பக்கம்.

பிற்பகல் மூன்று. மாஸ்ரர் படுத்திருந்தார். குசினியில் ஜெகதீஸ்வரி தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துவிட்டு, அது கொதிப்பதைப் பார்க்காமல் நின்றார்.

"அக்கா, உங்கட மகன் சேந்தன் சுவிசிலை இல்லை, என்ன?"

தண்ணி கொதித்துச் சத்தம் போட்டது. பேர்ணடெற் எட்டி அடுப்பை அணைத்தாள்.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சுவிசிலை பிள்ளை இருக்கிற தாய் ஒரு கோலும் எடுக்கிறேல்லை. ஆனா ஒரு மெசெஞ்சரை இரவும் பகலும் அணையாமல் வைச்சிருக்கிறா. டெலிபோன் போகாத இடத்திலைதான் பிள்ளை நிக்குது."

ஜெகதீஸ்வரி சத்தத்தை இறக்கினார். சுவருக்குக்கூடக் கேட்கக்கூடாது என்பதுபோல.

"கிளிநொச்சி. போன வருசம் ஆடியிலை போனவன். தொண்டு நிறுவனமொண்டுக்குக் கம்பியூட்டர் பூட்டிக் குடுக்க. மூண்டு கிழமை எண்டுதான் போனவன், பேர்ணடெற். ஆவணியிலை சண்டை தொடங்கிப் பாதை பூட்டிப்போட்டாங்கள். இங்கை ஆரிட்டைச் சொல்லுறது? பிள்ளை வன்னியிலை எண்டா பொலிசுக்கு வேறை காரணம் தேவையே? அதுதான் சுவிஸ். ஊருக்கெல்லாம் சுவிஸ்."

"மெசெஞ்சர்?"

"அவன் போக முதல் பூட்டித் தந்தது. பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. தானே ஒருக்கா அடிச்சுப்போட்டு, இனி உங்களுக்குத் தானாத் திறக்கும் அம்மா, ஒண்டும் யோசியாதேங்கோ எண்டவன். என்ர பேரும் அவன் வைச்சதுதான். அவன்ரை பேருக்குப் பக்கத்திலை ஒரு முகம் இருக்கும். ஆள் இல்லாட்டிச் சாம்பல் நிறம். வந்தா மஞ்சளாகும். கார்த்திகையிலை கடைசியா மஞ்சளானது. இருங்கோ அம்மா, பிறகு வாறன் எண்டு எழுதினவன். பிறகு எண்டா எப்ப? நான் இருக்கிறன். சமைக்கேக்கை வந்து பாப்பன். குளிச்சுப்போட்டு ஈரத்தோடை வந்து பாப்பன். கொலன்னாவைப் பக்கம் குண்டு விழுந்து கொழும்பு முழுக்க லைட் நிப்பாட்டின அண்டைக்கு, எல்லாரும் உயிருக்குப் பயந்து நிக்க, நான் உந்தப் பெட்டி அணைஞ்சிட்டுது எண்டு அழுதனான்."

அவர் சேலைத் தலைப்பால் அடுப்பு மேடையைத் துடைத்தார். அது ஏற்கனவே துப்புரவாகத்தான் இருந்தது.

"புதுசு நல்ல வடிவுதான், பேர்ணடெற். நிறம் வடிவு, கெதியா ஓடும். நான் விசரியே, விளங்காமல் இருக்க? ஆனா அதுக்குள்ளை போய் நான் ஆரெண்டு சொல்ல எனக்குத் தெரியாதே. அவன் தேடுற இடத்திலை நான் இருக்கமாட்டன். அதை உம்மட மருமோனிட்டை எப்பிடிச் சொல்லுறது? கை பழகிப்போச்சு எண்டன்."

மாலை ஆறு மணி. முன்னறையில் நாலு பேர். வலன்ரைன் தன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தான். மாஸ்ரர் பேப்பரை மடித்து மடியில் வைத்திருந்தார்.

"வலன்ரைன், இந்தத் திரையை வாசி."

"பயனர்பெயர். மொழி. அமர்வு. செயல்கள்."

"ஒபிசிலை நீ எத்தினை மெஷினுக்கு இதைப் போட்டிருப்பாய்?"

"எண்ணினில்ல மாமி. கனக்க."

"எந்த மொழியிலை போடுவாய்?"

"இங்கிலீஷ்தான். வேற எதில..." அவன் நிறுத்தினான். திரையைத் திரும்பப் பார்த்தான். "அட!"

"நேற்றிலிருந்து எல்லாருமாப் பாத்துக்கொண்டு நிக்கிறம்," என்றாள் பேர்ணடெற். "காலையிலிருந்து நானும்தான். புது சிஸ்டம், அதுதான் இப்பிடி விசித்திரமாக் கிடக்கு எண்டு நினைச்சம். சிஸ்டம் தானாத் தமிழிலை வராது. சீடியைப் போட்டவுடனை முதல் கேள்வி, என்ன மொழி எண்டதுதான். பழகின ஒருத்தரும் அதிலை நிக்கமாட்டினம். இங்கிலீசிலை என்டரை அமத்திப்போட்டுப் போயிடுவினம். ஹாஷிமும் அப்பிடித்தான், இவனும் அப்பிடித்தான். தமிழிலை வந்தா இவங்களுக்குக் கைகால் ஓடாது. அமர்வு எண்டா இருக்கச் சொல்லுதோ எண்டு கேட்டவன் இவன். பட்டியலிலை கீழை கீழை போய்த் தமிழைத் தேடிப் பிடிச்சவர், கம்பியூட்டர் பழகாத ஆள். ஆனா தமிழ் நல்லாப் படிச்ச ஆள். முழு வட்டையும், அதாவது டிஸ்க்கை, அழி எண்டு அது கேக்கேக்கை விளங்கி அமத்தக்கூடிய ஆள். நேசறிப் பிள்ளையும் போடும் எண்டு இவன் சொன்னதைப் பல்கனியிலை இருந்து கேட்ட ஆள். மாஸ்ரர், நேற்று நீங்கள் கடற்கரைக்குப் போகேல்லை."

"விசரோ உமக்கு?" ஜெகதீஸ்வரி எழும்பிவிட்டார். "அண்ணை போய்... அண்ணை, சொல்லுங்கோவன்!"

சிவானந்தன் மாஸ்ரர் மடித்த பேப்பரை இன்னொருமுறை மடித்தார்.

"ஓம்," என்றார். "நான்தான்."

வலன்ரைன் வாயைத் திறந்தான். பேர்ணடெற் பார்த்த பார்வையில் மூடினான்.

"பக்கத்து ஒழுங்கையிலை ஆமி லொறி வந்து நிண்டது," என்றார் மாஸ்ரர். "வீடு வீடாப் பாக்கிறாங்கள். இப்ப கம்பியூட்டரையே தூக்கிக்கொண்டு போறாங்களாம். அணைச்சு வைச்சாலும் உள்ளுக்கு எல்லாம் இருக்குமாமே. கிளிநொச்சி எண்ட ஒரு சொல்லுக் காணும், ஜெகதீஸ். உன்னை ஏத்துவாங்கள். உந்தப் பெடியனையும் சேத்து ஏத்துவாங்கள். அதுதான்."

கந்தோரில் என்றால் பேர்ணடெற் இந்த இடத்தில் விசாரணைக் கோவையை மூடியிருப்பாள். ஆள் கிடைத்தது, காரணமும் கிடைத்தது. மருமகனின் பெயர் தப்பியது. பெட்டியை உள்ளே எடுத்து வை என்று அவனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போகலாம். ஆனால் ஒரு துண்டு பொருந்தாமல் கிடந்தது. அதைக் கேட்காமல் விட்டால் நல்லது என்றும் அவளுக்குத் தெரிந்தது. கேட்டாள்.

"அழிக்கப்போற ஆளுக்குத் தமிழ்க் கீபோர்ட் எதுக்கு, மாஸ்ரர்?"

மாஸ்ரர் மடித்த பேப்பரைத் திரும்ப விரித்தார்.

"ஹாஷிமின்ரை கடைக்கு ஓடிப் போனனீங்கள். அழிக்கிறதுக்குக் கீபோர்ட் தேவையில்லை. எழுதுறதுக்குத்தான் தேவை. பதில் எழுதுறதுக்கு." தன்னுடைய குரலே இவ்வளவு தாழ்ந்திருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. "நீங்கள் கடைக்குப் போகேக்கை அந்த முகம் மஞ்சளா இருந்தது."

ஜெகதீஸ்வரி கையால் கதிரையைத் தேடிப் பிடித்து, கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். வழமையாக இருக்கிற மாதிரியே, கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து.

"டிங் எண்டு ஒரு சத்தம்," என்றார் மாஸ்ரர். "ஓடி வந்து பாத்தன். அம்மா எண்டு வந்து நிண்டது, இங்கிலீஸ் எழுத்திலை. பிறகு, நிக்கிறீங்களோ எண்டு. நிக்கிறா, கோயிலுக்குப் போட்டா, இப்ப வருவா எண்டு எழுத வேணும். அந்த எழுத்துத் தட்டிலை அ எங்கை எண்டு தேடுறன், தேடுறன், ஒண்டையும் காணேல்லை. நாப்பது வருசம் கரும்பலகையிலை எழுதின கை, ஜெகதீஸ். அ எண்ட எழுத்தை எழுத ஏலாமல் போச்சு. உன்னைக் கூப்பிட்டு வர அவன் போயிடுவான் எண்டு கடைக்கு ஓடினன். கடைக்காரன் நாளைக்கு எண்டான். திரும்பி வாறன், லொறி நிக்குது. பயந்துபோனன். அவ்வளவுதான்."

ஒழுங்கையில் யாரோ சிங்களத்தில் பாண்காரனைக் கூப்பிட்டார்கள். வலன்ரைன் வாசலில் கிடந்த தன் பெட்டியைப் பார்த்தபடி நின்றான். அதைத் தூக்கி உள்ளே வைக்கிற நேரம் அது இல்லை என்று அவனுக்கும் விளங்கியிருந்தது.

ஜெகதீஸ்வரி திரையில் வெள்ளைக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"லொறி பொங்கலுக்கும் வந்தது, அண்ணை," என்றார். கோபமில்லாத குரல். பேர்ணடெற் தன் வேலையில் இத்தனை வருடம் கேட்ட கேள்விகளில் எதையும் இவ்வளவு மெதுவாகக் கேட்டதில்லை. "வருசப் பிறப்புக்கும் வந்தது. நீங்கள்தான் இறங்கிப் போய் அரைகுறைச் சிங்களத்திலை கதைச்சு, தேத்தண்ணி குடிக்கிறியளோ மாத்தயா எண்டு சிரிச்சு அனுப்பினனீங்கள். ஒரு நாளும் பயப்பிடேல்லை."

"நேற்று..."

"நேற்றும் நீங்கள் லொறிக்குப் பயப்பிடேல்லை." அவர் திரும்பித் தமையனைப் பார்த்தார். "கடையாலை திரும்பி வந்து பாக்கேக்கை அதிலை பிறகும் ஒண்டு எழுதிக் கிடந்திருக்கு. அதை நான் வாசிக்கக்கூடாது எண்டுதான் அழிச்சனீங்கள். என்ன எழுதிக் கிடந்தது, அண்ணை?"